உச்சி மாடியும் ஒல்லிக் குழாயும்

உயர்ந்த கட்டிடங்களில் உத்தியோகம் பார்க்கும் நேயர்களே! உங்கள் ஆபீஸ் மாடிப்படி ஓரமாக ஒரு சிவப்புப் பெட்டி இருக்கிறதல்லவா? அதற்குள் சுருண்டு கிடக்கும் தீயணைப்பு ஹோஸின் தடிமன் என்னவென்று என்றைக்காவது பார்த்ததுண்டா? நான் பார்ப்பதுண்டு. “இதென்ன பைத்தியம்!” என்று சிநேகிதர்கள் சிரிக்கிறார்கள்.

சிரிக்கிற விஷயம் இல்லை. தண்ணீர் 10 மீட்டர் மேலே ஏறினால், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் அழுத்தத்தை இழந்துவிடும். எங்கள் வீட்டு மொட்டை மாடியிலேயே இந்த வேடிக்கையைக் காணலாம். கீழே மோட்டார் குழாயில் சீறுகிற தண்ணீர், மாடிக்கு வந்ததும் பூவாளி முனையில் சொட்டுச் சொட்டாய் வடியும். என் சகதர்மிணி அந்த முனையைக் கழற்றிவிடுவாள். அவ்வளவுதான், கடைசி மல்லிகைத் தொட்டி வரை பாயும்!

இதே சமாசாரம் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் மகா பயங்கரமாக நடந்தது. 1991 பிப்ரவரி 23, சனிக்கிழமை இரவு. ‘ஒன் மெரிடியன் பிளாசா’ என்ற 38 மாடிக் கட்டிடத்தில் 22-வது மாடி பற்றிக்கொண்டது. வீரர்கள் கொண்டுபோனது ஒன்றேமுக்கால் அங்குல ஹோஸ். அதில் பூவாளி மாதிரி விரித்துத் தெளிக்கும் முனை. அந்த முனைக்குச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தம் வேண்டும். கட்டிடத்துக் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வுகளையோ தவறாகத் திருகி வைத்திருந்தார்கள். வந்தது 60 பவுண்டுக்கும் குறைவு! புகையில் வழி தப்பி மூன்று வீரர்கள் மாண்டார்கள். எட்டு மாடிகள் எரிந்தன. கடைசியில் தீயைத் தடுத்தது 30-வது மாடிக் கூரையில் தாமாகத் திறந்துகொண்ட பத்தே பத்து நீர்த்தெளிப்பான்கள்தான்.

அப்படியானால் எதை வாங்குவது? இரண்டரை அங்குல ஹோஸ். நேராகப் பீய்ச்சும் சாதா முனை. அந்த முனைக்கு 50 பவுண்டு போதும். ஒரே அளவு தண்ணீர் ஓடும்போது, ஒன்றேமுக்கால் அங்குல ஹோஸில் உராய்வால் வீணாகும் அழுத்தத்தில் எட்டில் ஒரு பங்குதான் இதில் வீணாகும்.

“கனம் ஜாஸ்தியாயிற்றே?” என்பீர்கள். வாஸ்தவம். ஐம்பதடி ஹோஸில் நிற்கும் தண்ணீரே சுமார் 48 கிலோ. ஒல்லி ஹோஸில் அதில் பாதிதான். வளைத்துத் திருப்பக் கூடுதலாக இரண்டு ஆள் வேண்டும். வீட்டுத் தீக்கு ஒல்லி ஹோஸே சௌகரியம். ஆனால் மேஜையும் காகிதமும் நிறைந்த விசாலமான ஆபீஸ் கூடத்தில் தீப்பிடித்தால் கொஞ்சத் தண்ணீர் எடுபடாது. தூக்குவதற்குச் சுலபமானதை வாங்காமல், அழுத்தம் குறைந்த அன்றும் பாய்கிறதை வாங்குவதே புத்திசாலித்தனம்.

ஆகவே, நாளைக்கே உங்கள் கட்டிட நிர்வாகியைப் பிடியுங்கள். “உச்சி மாடியில் ஹோஸை மாட்டி, அழுத்தமானி வைத்து, தண்ணீரைத் திறந்து பார்த்தது எப்போது?” என்று கேளுங்கள். அவர் தலையைச் சொறிந்தால் விடாதீர்கள். பார்த்துவிட்டுத்தான் மறுகாரியம் என்று சொல்லுங்கள்!