வாரவுக யாருல?

உங்கள் வீட்டில் நகவெட்டி எங்கே இருக்கிறது? சட்டென்று சொல்லிவிட்டால் நீங்கள் பாக்கியசாலி. பல வீடுகளில் அது உள்ளறை பீரோவில் இருக்கும். நகம் வெட்டுவதோ வாசல்படியில். எடுத்த பொருள் திரும்பிப் போகவே போகாது.

ஹால், பெட்ரூம், கிச்சன் என்று அறையின் பெயரைப் பார்த்துத்தான் அடுக்குகிறோம். எங்கே உட்கார்ந்து என்ன செய்கிறோம் என்று பார்ப்பதில்லை. துறைமுகத்தில் இப்படி நடந்தால் கதை கந்தல். 1974-ல் பெருந்துறைமுகமான எங்கள் தூத்துக்குடியில் நிலக்கரிக்கு ஒரு தளம், கன்டெய்னருக்கு வேறு தளம். சரக்கைப் பார்த்துத்தான் இடம், கப்பலின் பவுசைப் பார்த்து அல்ல.

தெற்கே காயல்பட்டினத்தில் இன்னும் சுவாரஸ்யம். அங்கே கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே பெண் பிறந்த வீடு என்றைக்காவது ஒரு புதுக் குடும்பத்துக்கு இடம் விட்டாக வேண்டும். பழைய வீடுகளில் தெருவாசல் தவிர, பெண்கள் புழங்க தனி முடுக்கு உண்டு. அது சரியா தப்பா என்பது வேறு விவாதம். யார், என்ன வேலையாக, எந்த வழியில் போவார்கள் என்று யோசித்துக் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள், அதைச் சொல்கிறேன்.

அதே காயல்பட்டினத்தில் 2023 டிசம்பரில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடியும் மிதந்தது. எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அப்பா போய் மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. ஊறிய சோபாவும் உப்பிய கட்டிலும் தெருவுக்குப் போயின.

வெள்ளையடித்து முடித்ததும் தம்பி சொன்னான்: "முதல்ல ஒரு சோபா வாங்கணும். வாரவுக உக்காரணும்லா."

"வாரவுக யாருல? வருஷத்துக்கு ரெண்டு பேரு. நான் தினம் இருக்கேன்லா" என்றார் அம்மா.

அவ்வளவுதான். காலையிலிருந்து ராத்திரி வரை அம்மா என்னென்ன செய்கிறார் என்று ஒரு தாளில் எழுதினோம். காற்று வருவது ஹாலில், ஆகவே கட்டில் அங்கே. மாத்திரை டப்பா டீத்தூளுக்குப் பக்கத்தில், டீ குடித்ததும்தானே போட வேண்டும்? மீன் ஆய்வதை மட்டும் அம்மா யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். தரையில் அருவாமணை முன் உட்கார முடியாதே. புறவாசல் குழாயடியில் இடுப்புயரத்துக்கு ஒரு கடப்பா கல் மேடை, உயர ஸ்டூல், கத்தி, கல்லுப்பு, மஞ்சள்தூள். காத்திருக்கும் பூனைக்கு ஒரு சட்டி.

வந்தவர்களுக்கு ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி. "ஹால்லயா கட்டில்?" என்று முகம் சுளித்த சித்தி, அதே கட்டிலில் உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போனார்.

சிக்கல் வேறொன்றில் வந்தது. கரண்டு பில், பால் கணக்கு, கேஸ் புத்தகம் எல்லாம் அப்பா பார்த்தது. அந்தக் காகிதங்கள் அவர் அலமாரியில், அம்மா அதைத் திறப்பதே இல்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜை போட்டு, பால் நோட்டு, பேனா, சில்லறை டப்பா, போன் சார்ஜர் வைத்தோம். ஒரு மாதம் அது சும்மா கிடந்தது.

போன வாரம் போன் வந்தது. பால்காரர் கணக்கில் மூன்று லிட்டர் கூடுதலாம்.