கீழே விரிக்க வேண்டியது

2023 டிசம்பரில் எம் அத்தாவுடன் போபால் இஜ்திமாவுக்குச் சென்றிருந்தோம். இரவு தங்கியது திடலின் பந்தலில். கிணத்துக்கடவின் மார்கழிக் காற்றுக்குப் பழகிய உடல்கள்தாம். வடநாட்டுக் குளிரோ வேறு. முதியவருக்கென்றே வாங்கிச் சென்ற 'ஸ்லீப்பிங் பேக்'கினுள் அவர்களைப் படுக்க வைத்து, இனிக் கவலையில்லை என்றிருந்தோம்.

நடு இரவில் அவர்கள் நடுங்கக் கண்டு எழுந்தோம். எம் கம்பளியையும் மேலே போர்த்தினோம். நடுக்கம் நிற்கவில்லை.

"மேல எத்தனை போத்தி என்னப்பா? அடியில விரி. குளிரு தரையிலிருந்துதானே ஏறுது" என்றார்கள்.

கம்பளியை மடித்துக் கீழே விரித்தோம். உளூவின் ஈரம் காயாத காலுறையையும் மாற்றினோம். சற்றைக்கெல்லாம் உறங்கிவிட்டார்கள்.

பை வெப்பம் தருவதில்லை. பஞ்சிடையே தங்கும் காற்றினால் உடலின் வெப்பத்தைக் காக்கிறது, அவ்வளவே. உடற்பாரத்தால் அடிப்பஞ்சு நசுங்கிக் காற்று வெளியேறிவிட்டால், தரை அவ்வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. கடலைக்காட்டுக் காவலில் சோளத்தட்டைப் பரப்பிப் படுத்த அத்தா இதனை அறிந்திருந்தார்கள். கிதாபுகள் பல ஓதிய நாம் அறிந்திருக்கவில்லை.

பெற்றோரைப் பேணுகிறோம் என்றெண்ணி மேலே மேலே போர்த்துகிறோம். குளிர் எங்கிருந்து ஏறுகிறதென்று அவர்களையே முதலில் கேட்டிருக்கலாம்.