புது லேப்டாப்பில் முதல் வேலை

புது லேப்டாப் வாங்கினால் நான் முதலில் செய்வது, அதில் இருக்கும் விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போடுவதுதான். "புதுசைப் போய் ஏன்டா அழிக்கிற?" என்பார் அம்மா.

காரணம் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் விண்டோஸோடு நிறுத்துவதில்லை. சோதனைக்கால ஆன்டிவைரஸ், கேம், நாம் கேட்காத 'உதவியாளர்' எல்லாம் உள்ளே உட்கார்ந்திருக்கும். சில நேரம் அது வெறும் தொல்லையோடு நிற்காது. லெனோவா சில லேப்டாப்களில் ஏற்றி விற்ற சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள், பாதுகாப்பான இணையத் தொடர்புக்குள்ளேயே புகுந்தது 2015இல் அம்பலமானது. அதன் சான்றிதழ் ஓட்டையால் வங்கிப் பரிமாற்றத்தைக்கூட ஒட்டுக்கேட்க வழி இருந்தது.

வேலை கடினமில்லை. விண்டோஸ் நிறுவும் பென்டிரைவைத் தயாரிக்கும் மீடியா கிரியேஷன் டூல் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசம். 8 ஜிபி பென்டிரைவ் போதும். லைசென்ஸ் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்களில் பெரும்பாலும் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பைப் போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகும்.

முன்னேற்பாடுதான் முக்கியம். பென்டிரைவ் தயாரானதும் வைஃபை டிரைவரை அதிலேயே போட்டு வையுங்கள். விண்டோஸ் 11 ஹோம் நிறுவும்போதே இணையம் கேட்கும். டிரைவர் இல்லாவிட்டால் அங்கேயே நிற்கும். சில இன்டெல் லேப்டாப்களில் எஸ்எஸ்டியே பட்டியலில் வராது. அதற்கு இன்டெலின் ஆர்எஸ்டி என்ற ஸ்டோரேஜ் டிரைவர் வேண்டும். லேப்டாப்போடு வந்த ஆபீஸை, விண்டோஸை அழிப்பதற்கு முன்பே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் ரெகவரி கீ எங்கே இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தொலைத்தால் மைக்ரோசாஃப்டாலும் உங்கள் ஃபைல்களை மீட்டுத் தர முடியாது.