கணக்கை முதலில் முடிக்கும் பிள்ளை

திருச்சுழிப் பக்கம் எந்த நடுநிலைப் பள்ளிக்குப் போனாலும், கணக்கை எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒன்றாவது இருக்கும். அதற்கு அடுத்த வேலை கொடுக்க ஆசிரியர்களான நமக்கு நேரமில்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. மனத்திறனில் 90 கேள்வி, படிப்பறிவில் 90. உதவித்தொகைக்குத் தேர்வானால் பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் வீட்டுக்கு அது பெரிய காசு. ஆனால் இந்தப் பிள்ளைகளின் கணக்குப் பசி ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. எண்வரிசைக் கணக்கு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்: "டீச்சர், இதுக்கு ரெண்டு விடை வருதே!" என்று நோட்டோடு வந்து நிற்கும். அதை உட்கார்ந்து கேட்க வாரம் ஒரு பீரியட் வேண்டும். தலைமையாசிரியர்களே, கால அட்டவணையில் அதற்கு இடம் கொடுங்கள்.