ப்ரைபர்க் நகரின் டிராம் வண்டி

ஜெர்மனியின் தென்மேற்குக் கோடியில், கருங்காடு என்று பெயர் பெற்ற மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது ப்ரைபர்க் நகரம். ரயிலை விட்டு இறங்கும் பிரயாணி டிராம் வண்டியைப் பிடிக்க மாடிப்படி ஏற வேண்டும். ரயில் தண்டவாளங்களின் மேலே கட்டிய பாலத்தில் டிராம் ஓடுகிறது. வோபான் என்று பலகை மாட்டிய வண்டியில் நாம் ஏறிக்கொள்வோம்.

வண்டி பழைய நகரத்துக்குள் நுழைகிறது. தெரு ஓரங்களில் கல் பதித்த சிறு வாய்க்கால்கள். அவற்றில் மலைநீர் சலசலத்து ஓடுகிறது. தவறி இதில் கால் வைத்த அந்நியன் இவ்வூரிலேதான் கல்யாணம் செய்துகொள்வான் என்பது உள்ளூர் ஐதீகம். வாசகர்கள் பார்த்து நடக்க வேண்டியது! 1944-ம் வருஷம் நவம்பர் 27-ந் தேதி இரவு விமானக் குண்டுகளால் இந்தத் தெருக்கள் பாழாயின. 116 மீட்டர் உயரமுள்ள மாதாகோவில் கோபுரம் தெய்வாதீனமாகத் தப்பிற்று. மறுபடி கட்டியபோது ஜனங்கள் பழைய குறுகலான தெருக்களையே விரும்பினார்கள். பிற்காலத்தில் அவற்றில் மோட்டார் வண்டிகள் நெருக்கியடிக்கவே, 1973-ல் நகரசபையார் நடுநகரத்தைக் கால்நடையாகச் செல்வோருக்கு ஒதுக்கிவிட்டார்கள். டிராம் வண்டியை மட்டும் விட்டு வைத்தார்கள்.

இது லேசான காரியமல்ல. உலகத்தின் முதல் மின்சார டிராம் 1881-ல் பெர்லினை அடுத்த லிக்டர்பெல்டேயில் ஸீமென்ஸ் என்பவர் ஓட்டியது. அதே பெர்லினின் மேற்குப் பகுதியில் 1967-ல் டிராம் அடியோடு நின்றது. ஹாம்பர்க் நகரத்தார் 1978-ல் கைவிட்டார்கள். நம் சென்னை மட்டும் என்ன? ப்ரைபர்க்கில் மின்சார டிராம் வந்தது 1901-ல். சென்னையில் அதற்கு ஆறு வருஷம் முன்பே, 1895-ல். ஆனால் 1953-ல் நாம் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டோம். அவர்கள் அடியோடு பெயர்க்காமல், பிற்காலத்தில் நீட்டிக்கொண்டு போனார்கள்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு பூர்வ கதையும் உண்டு. பக்கத்தில் ரைன் நதிக்கரையிலுள்ள வீல் என்ற கிராமத்தில் அணுசக்தி நிலையம் கட்ட ஏற்பாடாயிற்று. 1975-ல் திராட்சைத் தோட்டக் குடியானவர்களும் ப்ரைபர்க் மாணவர்களும் கூடி, கட்டட இடத்திலேயே குடியேறி உட்கார்ந்துவிட்டார்கள். நிலையம் எழும்பவே இல்லை. ஆனால், ‘அது வேண்டாம் என்றால் விளக்கு எப்படி எரியும்?’ என்ற கேள்வி எஞ்சி நின்றது. 1986-ல் செர்னோபில் விபத்து நேர்ந்த பிறகு நகரசபை ஒரு திட்டம் வகுத்தது. முதலில் சக்தியைச் சிக்கனம் செய்வது. பிறகு மின்சாரத்தையும் வெந்நீரையும் ஒரே நிலையத்தில் உண்டாக்குவது. சூரிய வெப்பம் முதலியவற்றைக் கைக்கொள்வது. வரிசையைக் கவனிக்க வேண்டும். புது யந்திரம் வாங்குவது முதல் இடத்தில் இல்லை.

டிராம் இப்போது புல்தரையின் மீது ஓடுகிறது, வோபான் வந்துவிட்டது. இது பிரெஞ்சுப் படைகளின் பாசறையாக இருந்த இடம். 1992-ல் அவர்கள் வெளியேறிய பின் நகரசபை நிலத்தை வாங்கிக் குடியிருப்பாக்கிற்று. இன்று 5,000-க்கு மேற்பட்டோர் வசிக்கிறார்கள். 2006-ல் டிராம் இங்கே எட்டியது. வீடுகளின் சுவருக்குக் கனத்த கம்பளி போர்த்தினாற்போல் வெப்பம் காக்கும் உறை. ஜன்னல்களுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி. வெளியேறும் காற்றின் சூட்டை உட்புகும் காற்றுக்கு மாற்றிக் கொடுக்க ஒரு கருவி. இவ்விதம் கட்டிய வீட்டில் ஒரு சதுர மீட்டரைச் சூடாக்க வருஷத்துக்கு 15 யூனிட்டுக்கு மேல் வேண்டியதில்லை. ரோல்ப் டிஷ் என்ற கட்டடச் சிற்பி அமைத்த 59 வீடுகள் செலவழிப்பதைவிட அதிகமாகவே மின்சாரம் உண்டாக்குகின்றன. ப்ரைபர்க்கில் வீட்டு வாடகை மிக அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூலி வேலைக்காரனுக்கு இங்கே இடம் கிடைப்பது அரிது. இந்தக் குறையைத் திட்டம் தீர்க்கவில்லை.

மோட்டார் வண்டிக்கு வருவோம். அதில் பெட்ரோலுக்குப் பதில் மின்சாரத்தைப் பொருத்தினால் புகை போகும். இடத்தை அடைத்துக்கொள்வது போகாது. ஆகவே வோபானில் அநேக வீடுகளுக்கு வாசலில் வண்டி நிறுத்த இடமே கிடையாது. வண்டி உள்ளவர் ஊர் ஓரத்திலுள்ள பொதுக் கொட்டகையில் விலை கொடுத்து இடம் வாங்க வேண்டும். இல்லாதவர் ‘எனக்கு வண்டி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆனால் வீட்டுக்கு ஒரு வண்டி நிறுத்துமிடம் அவசியம் என்று மாகாணச் சட்டம் இருந்தது. இதற்காக வண்டியில்லாதவர்கள் ஒரு சங்கம் சேர்த்துப் பணம் போட்டார்கள். பின்னால் யாராவது மோட்டார் வாங்கினால் கொட்டகை கட்டலாம் என்று ஒரு நிலத்தை வாங்கி வைத்தார்கள். வராத வண்டிகளுக்காக வாங்கிய அந்த நிலத்தில் புல் வளர விட்டார்கள்.