இன்னொரு பிரதி எங்கே?

பொருளைச் சேமித்து வைப்பது ஒரு வேலை. சேமித்ததைத் திரும்ப எடுக்க வழி வைத்திருப்பது வேறொரு வேலை. நம்மவரிற் பலர் முன்னதில் காட்டும் அக்கறையைப் பின்னதில் காட்டுவதில்லை. திரிங்காப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சைபர்ஜெயாவில் ஒரு தரவு மையத்தில் சர்வர்களைப் பழுதுபார்த்துப் பிழைக்கும் எனக்கு, இந்த வேற்றுமை நாள்தோறும் கண்ணிற் படுகிறது.

சேமிப்புச் சர்வர் என்பது ஓர் இரும்புப் பெட்டி. ஒரே பெட்டியில் அறுபது டிஸ்க்குகள் அடங்குவதும் உண்டு. மக்களின் படங்களும் பத்திரங்களும் கணக்குகளும் அவற்றிலேதான் இருக்கின்றன. அவற்றோடு சேராமல் தனியே நிற்பது பூட் டிஸ்க். தோட்டத்து வழக்கிற் சொன்னால் அதுவே காலைப் பெரட்டு. இன்னாருக்கு இன்ன வேலையென்று பிரித்துவிடுவது அதன் கடமை. பெரட்டு இல்லையெனில் ஆட்கள் இருந்தும் வேலை நடவாது.

"அது கெட்டால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடுமா, தம்பி?" என்று ஊரில் ஒரு மாமா கேட்டார். போகாது என்றேன். இசட்.எப்.எஸ். போன்ற முறைகளில், ஒவ்வொரு சேமிப்பு டிஸ்க்கும் தான் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதைத் தன்னிலேயே எழுதி வைத்திருக்கிறது. புதிய பூட் டிஸ்க் வந்து அழைத்தால் கூட்டம் ஒன்றுகூடும். ஆனால் தரவைப் பூட்டி வைத்து, அதன் சாவியைப் பூட் டிஸ்க்கில் மட்டுமே வைத்திருந்தால், அறுபது டிஸ்க்கும் நலமாயிருந்தும் பயனில்லை.

கெடாத டிஸ்க் உலகில் இல்லை. பேக்பிளேஸ் என்னும் அமெரிக்கச் சேமிப்பு நிறுவனம் 2018 முதல் சுழலும் தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி.யைப் பூட் டிஸ்க்காக வைக்கத் தொடங்கியது. அவையும் கெடுகின்றன என்பதைத் தானே கணக்கெடுத்து வெளியிட்டது. பல டிஸ்க்குகளைச் சேர்த்துத் தரவைக் காக்கும் முறைகளை 1988-இல் கலிபோர்னியாவில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் என்னும் மூவர் வகைப்படுத்தினர். அவற்றுள் முதல் வகை, ஒன்றையே இரண்டு இடத்தில் எழுதுவது. பூட் டிஸ்க்கையும் இவ்வாறே இணையாக வைப்பது நல்ல வழக்கம்.

மாற்றும் வேலை பார்வைக்குச் சிறிது, நிதானமோ பெரிது. கெட்டது எது என்பதை முதலில் தொடர் எண்ணைக் கொண்டு உறுதி செய்யவேண்டும். அவசரத்தில் நல்லதைப் பிடுங்கினால் எஞ்சிய ஒன்றும் போய்விடும். பிறகு புதியதைச் செருகிப் பிரதி எடுக்கச் செய்கிறோம். பலர் ஏமாறுவது இங்கேதான். பிரதி முடிந்ததென்று திரை சொன்னாலும், சர்வரை எழுப்பும் முதற் சிறு பகுதி சில முறைகளில் தானாகப் பிரதியாவதில்லை. அதனைத் தனியே எழுதவேண்டும். எழுதிய பின், புதிய டிஸ்க்கை மாத்திரம் கொண்டு சர்வரை எழுப்பிப் பார்க்கவேண்டும். அவ்வாறு பாராவிடில், பழையதன் தயவில் எழுந்த சர்வர் நம்மை நம்பவைத்துவிடும். அந்தப் பழையதும் கெடும் நாளிலேதான் உண்மை வெளிப்படும்.

ஆயுத பூசையன்று சர்வருக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவோர் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் குங்குமம் பிரதி எடுக்காது.

நம் சங்கங்களைப் பாருங்கள். உறுப்பினர் பதிவேடு செயலாளர் வீட்டு அலமாரியில். வரவுசெலவு பொருளாளர் ஒருவரின் மனத்தில். அவர் படுத்தால் சங்கமும் படுத்துவிடுகிறது. பிறப்புப் பத்திரம் இல்லாமல் குடியுரிமைக்காக அலைந்து தலைநரைத்த தோட்டத்து முதியோரை நாம் அறிவோம். ஒரு காகிதம் இல்லாக் குறை, ஒரு மனிதனின் வாழ்நாளையே நிறுத்திவைத்தது. இதனைக் கண்ட பிறகும் ஒருவரையே நம்பி ஊர்க்காரியங்களை விட்டுவைப்பது அறிவுடைமையாகாது. தெரிந்ததைத் தம்மோடு மறைத்து வைப்பதிலே பெருமை காண்கிறவர் எத்துணைத் திறமைசாலியாயினும், இணையில்லாத பூட் டிஸ்க்குக்கு ஒப்பானவரே.

ஆகவே, தோழர்களே, அடுத்த கூட்டத்தில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். நம் ஏடுகளுக்கு இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது? அதைக் கடைசியாகத் திறந்து பார்த்தவர் யார்? இரண்டாவதற்கு விடையில்லையெனில், முதலாவதற்குச் சொன்ன விடையும் விடையன்று.