புகைக்குழாய் சொல்லும் கணக்கு

கோவை கணபதியில் உள்ள அந்தப் பட்டறையில் பெட்ரோல் கார்களுக்கு சிஎன்ஜி கிட் மாட்டுவதுதான் முழுநேரத் தொழில். நான் போனபோது ஒரு பழைய கார் ஷெட்டில் நின்றது. டிக்கியில் சிலிண்டர் ஏறியிருந்தது. ரெடியூசர், கேஸ் இன்ஜெக்டர் எல்லாம் பூட்டியாகிவிட்டது.

"மாட்டறது பாதி வேலைதானுங்க. இனி ட்யூனிங் இருக்குதுங்க" என்றபடி லேப்டாப்பைத் திறந்தார் மூத்த மெக்கானிக்.

அவர் நம்பியிருப்பது புகைக்குழாயின் தலைப்பில் திருகியிருக்கும், ஸ்பார்க் பிளக் போன்ற ஒரு சின்ன உருப்படியை. அதுதான் ஆக்சிஜன் சென்சார். 1976-ல் வால்வோ கார்களில் முதலில் வந்தது. உள்ளே இருக்கும் ஜிர்கோனியா 300 டிகிரிக்கு மேல் சூடானதும் வேலையைத் தொடங்கும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் 0.1 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். எரிபொருள் கூடிப்போனால் 0.9-ஐ ஒட்டிக் காட்டும். சரியான கலவை இரண்டுக்கும் நடுவே, 0.45-ல்.

முதலில் பெட்ரோலில் ஓடவிட்டார். பெட்ரோல் இன்ஜெக்டர் ஒவ்வொரு முறையும் 4 மில்லிசெகண்ட் திறந்தது. கேஸுக்கு மாற்றியதும் அந்த இன்ஜெக்டருக்காகக் கம்ப்யூட்டர் கணக்கிடும் நேரம் 4.8 ஆனது. காற்று மிஞ்சுகிறது என்று சென்சார் சொல்ல, காரின் கம்ப்யூட்டர் இன்னும் எரிபொருள் கேட்கிறது என்று பொருள். அந்த வேகத்துக்கான கேஸ் அளவைத் திரையில் கொஞ்சம் உயர்த்தினார். எண் இறங்கி மறுபடி 4-க்கு வந்தது. இப்படியே ஐடிலிங், நடுவேகம், முழு லோடு என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

ஆனால் சென்சார் சொல்வதை அப்படியே நம்பிவிடவும் கூடாதாம். அதற்கு முன்னால் உள்ள ஜாயின்ட்டில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, கலவையில் எரிபொருள் குறைவு என்று பொய் சொல்லும். ஒரு பிளக் எரியாமல் போனாலும் அதே பொய்தான். "தம்பி, சைலன்சர் வாயை அடைச்சுப் பிடி" என்றார். பையன் துணியால் அடைக்க, இவர் ஜாயின்ட் அருகே காது கொடுத்துக் கேட்டார். கசிவு இல்லை என்று உறுதியான பிறகே லேப்டாப்புக்குத் திரும்பினார்.

சென்சாருக்கு எரிபொருளின் பெயர் தெரியாது. மிச்சமிருக்கும் ஆக்சிஜன்தான் தெரியும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். மீத்தேனுக்கு 17.2. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்கு 9 போதும். எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்குச் சுமார் 13.5. ஆனாலும் எந்த எரிபொருளிலும் கலவை சரியாக இருந்தால் லேம்ப்டா, அதாவது இருக்கும் காற்றை வேண்டிய காற்றால் வகுத்த எண், 1 என்றே வரும். பெட்ரோல் கணக்கில் செய்த மீட்டரோ எத்தனாலுக்கும் 14.7 என்றே காட்டும். அதனால் அவர் லேம்ப்டாவைத்தான் பார்க்கிறார்.

எஞ்சின் விளக்கு எரியாமலிருக்க, சென்சார் ஒயரை வெட்டிப் பொய் சிக்னல் தரும் எமுலேட்டரை மாட்டிவிடுபவர்களும் இத்தொழிலில் உண்டு. விளக்கு அணையும்; மைலேஜும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் போகும். கிட் மாட்டினால் பெட்ரோலில் ஓடும்போதும் கேஸில் ஓடும்போதும் பெட்ரோல் இன்ஜெக்டர் நேரத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் மட்டும் சாவியை வாங்குங்கள்.